பெட்டிக்குள் அடங்காத புகையிலை

இலங்கையில் விற்கப்படும் சிகரெட் பெட்டியின் முன்னும் பின்னும் நூற்றுக்கு எண்பது பங்கு இடத்தை நோய்ப்படங்கள் பிடித்திருக்கின்றன. 2015 யூன் மாதத்திலிருந்து இதுதான் நிலைமை. பணக்கார நாடுகள் பலவற்றிலும் எச்சரிக்கை இவ்வளவு பெரிதாக இல்லை. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய சர்வதேசக் கூட்டங்களில் இலங்கைப் பிரதிநிதிகள் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய சாதனை இது.

ஆனால் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தின் மயிலிட்டித் துறைக்கு வந்து வள்ளத்தைக் கட்டிவிட்டு, வலையில் சிக்கிய மீனைக் கழற்றும் ஒருவரின் மடியில் பெரும்பாலும் அந்தப் பெட்டி இருக்காது. இருப்பது ஒரு சொப்பிங் பை. ஒரு தலைமுறைக்கு முன்பானால் பனையோலையில் இழைத்த கொட்டைப்பெட்டியாக இருந்திருக்கும். உள்ளே நாலைந்து வெற்றிலை, சீவிய பாக்கு, சிறு டப்பாவில் சுண்ணாம்பு, கடையில் பேப்பரில் சுற்றிக் கொடுத்த ஒரு துண்டுப் புகையிலை. இரண்டு கையும் வலையில் இருக்கும்போது பீடியைக் காற்றுக்கு மறைத்துப் பிடிக்க முடியாது. கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை கையைக் கேட்காது, காற்றுக்கும் அணையாது, இரவு முழுக்க நித்திரையையும் விரட்டும். அந்தப் பேப்பர்ச் சுருளில் எண்பது வீதம் என்ன, எட்டு வீதம்கூட எச்சரிக்கை இல்லை.

இலங்கையின் புகையிலைக் கொள்கை சிகரெட்டைக் கண்முன் வைத்து எழுதப்பட்டது என்பதே என் வாதம். சிகரெட்டைப் பொறுத்தவரை அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. யாழ்ப்பாணத்தின் புகையிலையோ பெரும்பாலும் சிகரெட் அல்லாதது: சுருட்டு, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, அவற்றுக்காகச் செம்மண்ணில் நடப்படும் கன்று. சட்டம் இவற்றை மறந்துவிடவில்லை. புகையிலையிலிருந்து செய்து மனிதர் நுகரும் எதுவும் அதன் வரைவிலக்கணத்துக்குள் வரும். ஆனால் சட்டத்தின் கருவிகள் எல்லாம் ஒரு கம்பனி, ஒரு பெட்டி, ஒரு வரி முத்திரை என்று மூன்றும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் பிடிக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை இலங்கை 2003 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் தென்கிழக்காசிய வலயத்தில் அதைச் செய்த முதல் நாடு இதுதான். இந்தியா மறு ஆண்டுதான் வந்தது. அதன் அடியொற்றி 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை அப்படித்தான் பிறந்தது. பேராசிரியர் கார்லோ பொன்சேகா அதன் முதல் தலைவர். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது, விளம்பரமும் அனுசரணையும் கூடாது, காசு போட்டு எடுக்கும் இயந்திரத்தில் விற்கக்கூடாது, மூடிய பொது இடத்தில் புகைக்கக்கூடாது. கிரிக்கெட் மைதானத்திலும் சினிமாத் திரையிலும் சிகரெட் விளம்பரம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது சின்ன மாற்றம் அல்ல. முப்பது அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்களுக்கும் குறைந்தது முப்பது பேர் இருக்கக்கூடிய உணவகங்களுக்கும் புகைக்கத் தனி இடம் வைத்துக்கொள்ளச் சட்டம் விட்டுக்கொடுத்தது. அந்த ஓட்டை இன்றைக்கும் அடைபடவில்லை.

நோய்ப்படத்துக்கான சண்டையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் ஒரு சுகாதார விதி எப்படி உயிர் பிழைக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. 2012 ஓகஸ்டில், மைத்திரிபால சிறிசேன சுகாதார அமைச்சராக இருந்தபோது, எண்பது வீதப் பட எச்சரிக்கை வர்த்தமானியில் வந்தது. இலங்கையில் சிகரெட் செய்யும் ஒரே கம்பனி இலங்கைப் புகையிலைக் கம்பனி. பெரும்பான்மைப் பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டுபாக்கோவின் கையில். அது நீதிமன்றம் போனது. அமைச்சுக்கு இவ்வளவு இடத்தைப் பிடிக்க அதிகாரம் இல்லை, எங்கள் வர்த்தகச் சின்னத்துக்கு இடம் எங்கே என்பது வாதம். 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் படம் போடலாம் என்றது, ஆனால் அளவை 50 முதல் 60 வீதத்துக்குள் சுருக்கியது. கம்பனிக்குப் பாதி வெற்றி. அந்தப் பாதியைத் திருப்பிப் பறித்தது பாராளுமன்றம். சிறிசேன ஜனாதிபதியான சில வாரங்களில், 2015ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எண்பது வீதத்தைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டது. ஒழுங்குவிதியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். பாராளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டத்தை இங்கே அப்படிக் கேட்க முடியாது. அரசியல் விருப்பம் இருந்தால் என்ன முடியும் என்பதற்கு, நம் காலத்தில் கட்சி பேதமில்லாமல் காட்டக்கூடிய சில உதாரணங்களில் இது ஒன்று.

2016 செப்டெம்பரில் இன்னொரு வர்த்தமானி: புகையில்லாப் புகையிலைக் கலவைகள், இனிப்பும் நிறமும் வாசனையும் சேர்த்த சிகரெட், புகையிலை கலந்த இலத்திரனியல் சிகரெட் எல்லாம் தடை. அடுத்த மாதம் வரி ஏறியது. 35 ரூபா விற்ற சிகரெட் 50 ரூபாவானது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. பெட்டியாக வாங்க முடியாதவர் ஒன்றொன்றாக வாங்குகிறார். தனிச் சிகரெட் விற்பனையைத் தடுப்போம், எந்தக் கம்பனியின் பெட்டியும் ஒரே வெறுமையான தோற்றத்தில் வரவேண்டும் என்பவையெல்லாம் அமைச்சரவை மட்டத்தில் பேசப்பட்டவை. பேச்சோடு நிற்கின்றன. ஒன்றொன்றாக வாங்குபவர் பெட்டியைத் தொடுவதே இல்லை. எண்பது வீதப் படத்தைப் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவர்தான்.

இனி வடக்குக்கு வருவோம். யாழ்ப்பாணப் புகையிலையின் வயது இந்தச் சட்டங்களைவிட முன்னூறு ஆண்டுக்கு மேல் அதிகம். ஒல்லாந்தர் காலத்திலேயே அது திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலையாள நாட்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்கு இருந்த மவுசுதான் வலிகாமத்தின் கல் வீடுகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் முதலாக நின்றது. அந்தச் சந்தை சுருங்கிய 1930களில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. இலங்கைக் கூட்டுறவு வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. பிறகு தெற்கின் சிங்கள ஊர்கள் பெரிய சந்தையாயின. அங்கே கடை வைத்த யாழ்ப்பாணத்தவருக்குச் 'சுருட்டுக்கடைக்காரர்' என்பதே முகவரி. இங்கே சுருட்டுக் கொட்டில்களில் வரிசையாக இருந்து கை சுருட்ட, ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிப்பார். பள்ளிக்கூடம் போக வாய்ப்பில்லாத பலர் உலக அரசியலைக் கேட்டறிந்தது அந்தக் கொட்டில்களில்தான். புகையிலையை வெறுமனே ஒரு தீமை என்று சொல்லி முடித்துவிட்டால், இதைச் சொல்ல இடமில்லாமல் போய்விடும்.

மயிலிட்டிக்குத் தெற்கே கட்டுவன், குரும்பசிட்டி, வசாவிளான் பக்கம் நீளும் செம்மண்ணில் புகையிலை எப்படி வளர்கிறது என்று பார்த்தால், அதை ஒழிப்பது ஏன் சுலபமில்லை என்பது புரியும். மாரி ஓய்கிற நேரத்தில் நாற்று நடுவார்கள். அதற்கு முன்பே தோட்டத்தில் ஆடு மாடு பட்டி அடைத்து, குழை தாழ்த்தி, மண்ணைத் தயார் செய்திருப்பார்கள். கிணற்றிலிருந்து இறைத்துப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார்கள். கன்று உயர்ந்ததும் தலையைக் கிள்ளி, பக்கத்தில் வெடிக்கும் குருத்துகளையும் விடாமல் முறிக்க வேண்டும். சத்து முழுவதும் இலைக்கு இறங்க அதுதான் வழி. அந்தப் பிசின் கையில் ஒட்டினால் இலேசில் போகாது. வெட்டிய பிறகு குடிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, பொச்சும் ஊமலும் போட்டு மூட்டம் கொடுப்பார்கள். அந்தப் புகைக்குள் போய் வருபவர்கள் பெரும்பாலும் வீட்டாரும் கூலிக்கு வந்தவர்களும். ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்காத பெண்ணின் நெஞ்சுக்குள்ளும் அந்தப் புகை போகிறது. எந்தப் பெட்டியிலும் அவருக்கான படம் இல்லை.

பக்குவப்பட்ட இலை பல மாதம் கெடாமல் கிடக்கும். விலை படியாவிட்டால் பொறுத்திருந்து விற்கலாம். வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து முற்பணமும் கொடுப்பார். வெங்காயம் அப்படியல்ல, அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் கொழும்பில் இறங்கினால், இங்கே கட்டித் தொங்கவிட்டது முளைத்துப் போகும். கமக்காரருக்குப் புகையிலை மேல் காதல் இல்லை. நம்பி நடக்கூடிய பயிர் அது.

1990 யூன் மாதத்தில் மயிலிட்டி வெறுமையாயிற்று. போர் ஊரையே எழுப்பிவிட்டது. பிறகு உயர் பாதுகாப்பு வலயம். கடற்றொழிலாளரும் கமக்காரரும் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் இரண்டு தலைமுறையைக் கழித்தார்கள். 2017 யூலை 3ஆம் திகதிதான் துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. போருக்கு முன்பு இந்த ஊரில் ஒரு காசநோய் வைத்தியசாலை இருந்தது. கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று நம்பி நோயாளிகள் வந்து தங்கிய இடம். திரும்பி வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. நாடு புகையிலைச் சட்டம் எழுதி, திருத்தி, நீதிமன்றத்தில் போராடிய காலம் முழுவதும் மயிலிட்டி மக்கள் தங்கள் ஊருக்கு வெளியே நின்றார்கள். சட்டம் இவர்களைக் கேட்டு எழுதப்படவில்லை என்று குறை சொல்வது, இந்த வரலாற்றைப் பார்த்தால், அதிகப்படி ஆகாது.

இழப்பும் வேலையின்மையும் கூடிய இடத்தில் வெற்றிலையும் பீடியும் கூடும் என்பதை அகதி வாழ்வு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் கணக்கைச் சொல்கிறேன். சுகாதார அமைச்சு உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட தொற்றா நோய்க் காரணிகள் பற்றிய ஆய்வின்படி, இலங்கை ஆண்களில் ஏறத்தாழ 29 வீதத்தினர் புகைப்பவர்கள். 26 வீதத்தினர் புகையில்லாப் புகையிலை பாவிப்பவர்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம். பெண்களில் புகைப்பவர் ஆயிரத்துக்கு ஒருவர். மெல்பவர் நூற்றுக்கு ஐந்து பேர். அதாவது இந்நாட்டுப் பெண்களின் புகையிலைப் பழக்கம் என்பது ஏறக்குறைய முழுவதுமே வெற்றிலைத் தட்டத்தில் இருக்கிறது. சிகரெட்டுக்கு வரி ஏற்றினாலும் படம் பெருத்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

விளைவைப் பார்க்க மயிலிட்டியிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். சில கிலோமீற்றர் தள்ளித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நாட்டின் நீளத்துக்கு நடந்து மக்கள் திரட்டிய பணத்தில் எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. தெற்கும் வடக்கும் சேர்ந்து கட்டியது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்குத்தான். பெரும்பாலான நாடுகளில் நுரையீரலோ புரஸ்டேட்டோ அந்த இடத்தில் நிற்கும். நாம் எதனால் சாகிறோம் என்பதை இந்த ஒரு வித்தியாசமே சொல்லிவிடுகிறது. புகையிலையை விட்டு வெறும் பாக்கு, வெற்றிலை மட்டும் போட்டால் பாதகமில்லை என்று ஊரில் பலர் நம்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. பாக்கு வாயின் உட்தோலை இறுக்கும். நாளடைவில் வாய் திறப்பதே கடினமாகும். காரம் பட்டால் எரியும். பலர் அதை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடுகிறார்கள்.

2016 தடை இங்கே என்ன செய்தது? பளபளக்கும் பக்கெற்றில் வந்த கலவைகள் வெளிப்படையான விற்பனையிலிருந்து பின்வாங்கின. 'மாவா' என்ற பாக்குக் கலவை அந்த இடத்துக்கு வந்தது. பாடசாலைப் பிள்ளைகள்வரை அது போனதாகப் பொலிஸ் பிடித்த செய்திகள் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகின்றன. இனந்தெரியாத வீட்டில் பிசைந்து பொலித்தீனில் கட்டியதைப் பிடிக்க, கம்பனிப் பெயர் தேடும் சட்டத்தால் ஆகாது. கடலிலும் அதே கதை. இந்தியாவிலிருந்து கடத்தி வரும் பீடி இலை மூட்டைகளைக் கடற்படை வடகடலிலும் மேற்குக் கரையிலும் திரும்பத் திரும்பப் பிடிக்கிறது. சிகரெட் விலை ஏற ஏற, பீடிக்குக் கிராக்கி. வரிக் கொள்கையை வகுப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

யாழ்ப்பாணம் சும்மா இருந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2017 முடிவில், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் முயற்சியால் நாட்டில் 107 சிறு நகரங்களில் கடைக்காரர்கள் தாமாகவே சிகரெட் விற்பனையை நிறுத்தியிருந்தார்கள். மாவட்டங்களில் முதலிடம் யாழ்ப்பாணத்துக்கு: 22 இடங்கள். மாத்தறை 17ஓடு அடுத்து வந்தது. சட்டம் கேட்காததைச் சந்தைக் கடைக்காரர்கள் செய்தார்கள். பரிசோதகர் ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கிப் பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். ஆனால் அங்கேயும் நிறுத்தச் சொன்னது சிகரெட்டை. வெற்றிலைக் கடை மூலையில் அப்படியே இருந்தது.

பயிரைப் பற்றிய கொள்கைதான் இருப்பதிலேயே மோசம். 2020க்குள் புகையிலைச் செய்கை முழுவதையும் நிறுத்துவோம் என்று சிறிசேன அரசாங்கம் அறிவித்தது. 2020 வந்தது, தடை வரவில்லை. ஆட்சி மாறிவிட்டது. சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, செய்கையாளருக்குப் பொருளாதார ரீதியில் தாக்குப்பிடிக்கும் மாற்று வழியை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. இலங்கையில் அறிவிப்பு முன்னால் வந்தது, மாற்று வழி பின்னால் வருமென்றார்கள். கமக்காரர்கள் அதைக் கேட்டு ஒரு போகம் பயந்தார்கள், மறு போகம் நட்டார்கள்.

யாழ்ப்பாணம் கண்ட மிகச் சிறந்த புகையிலைக் கட்டுப்பாடு, அந்த நோக்கமே இல்லாத ஒரு கொள்கை என்று நான் சொல்வேன். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. தட்டுப்பாட்டுக் காலம் என்று தெற்கு அதைத் திட்டியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர்களுக்கோ அது பொற்காலம். புகையிலைக்குப் பக்கத்துப் பாத்தியிலேயே அதைப்போலக் காசு தரும் பயிர்கள் எழுந்தன. ஒருவரும் புகையிலை கெட்டது என்று பிரசாரம் செய்யவில்லை. 1977இல் சந்தை திறந்தது. மிளகாய் விலை விழுந்தது. விலையும் வாங்குபவரும் நிச்சயமானால் கமக்காரர் மாறுவார் என்பதை இந்த ஏழு ஆண்டுகள் காட்டிவிட்டன. இறக்குமதித் தடைக்குத் திரும்பச் சொல்லவில்லை. அதன் சுமையைச் சாதாரணக் குடும்பங்கள் தாங்கின. ஆனால் உத்தரவாதமுள்ள கொள்வனவு வேறு வழியிலும் முடியும். கென்யாவில் மிகோரிப் பகுதிப் புகையிலைக் கமக்காரர்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து இரும்புச்சத்துள்ள அவரை விதை கொடுத்தன. விளைந்ததை உலக உணவுத் திட்டமே வாங்கியது. வலிகாமத்துச் சின்ன வெங்காயத்தையும் கிழங்கையும் வைத்தியசாலைகளும் படைமுகாம்களும் பாடசாலை உணவுத் திட்டமும் நியாய விலையில் வாங்குவதாக ஒப்பந்தம் போட்டால், புகையிலைக்குத் தடைச் சட்டமே தேவைப்படாமல் போகலாம். இந்த மண்ணைக் கைப்பற்றி வைத்திருந்த படையினரின் சமையற்கட்டுக்கு அதே மண்ணின் வெங்காயம் போவது நியாயமும்கூட.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். இந்தியாவில் பீடிக் கட்டைச் சுற்றும் தாளிலும் நோய்ப்படம் போட்டே விற்க வேண்டும். பீடித் தொழில் அதனால் மூடிவிடவில்லை. இங்கே சுருட்டுக் கட்டுக்கும் அப்படி ஒரு தாள் சுற்ற என்ன தடை? புகையிலையை நிறுத்து விற்கும் கடைகளுக்கு அனுமதிப்பத்திரம் வைக்கலாம். 21 வயது விதி அந்தத் தராசுக்கும் பொருந்தும் என்று எழுதி ஒட்டச் செய்யலாம். சுருட்டிலிருந்து திறைசேரிக்கு வருவது சிகரெட்டோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. கொஞ்சம் வாங்கி, அதைக் கமக்காரர் பயிர் மாற்றத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். மயிலிட்டித் துறைமுகம் மறுபடி இயங்குகிறது. மீன் ஏலம் போகும் நேரத்தில் கூட்டம் தானாகக் கூடுகிறது. மாதத்தில் ஒரு காலை அங்கே ஒரு பல் வைத்தியர் ஒரு ரோர்ச் லைற்றோடு நின்று வாய்களைப் பார்த்தால் போதும். வாய்ப்புற்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குகிற நோய். அதை முற்றவிட்டுத் தெல்லிப்பழைக் கட்டிலில் சந்திப்பது தவிர்க்கக்கூடிய செலவு.

சட்டம் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் வெற்றிலை போடும் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், ஒருநாள் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரலை நெடுக்காக நுழைக்க முடியாத அளவுக்கு இறுகிய வாய், இவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் அதற்குக் காசு வாங்குவதில்லை.